சீன மருத்துவம் சொல்லும் ‘இயற்கை’ எது? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: “பழைய சீன மருத்துவம் இயற்கையோடு ஒட்டி வாழச் சொல்கிறது என்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து, ராத்திரி ஷிப்ட் பார்த்து, போனில் சாப்பாடு வரவழைத்துச் சாப்பிடுகிற எனக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் கதையா?” கூடவே, இரவு 1 மணி முதல் 3 மணி வரை கல்லீரலின் நேரம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்த வட்டப்படத்தையும் அனுப்பி, இது உண்மையா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

எடுத்துக்கொள்ள இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் தேடுகிற இடத்தில் இல்லை. இயற்கை என்றதும் நமக்கு மூலிகைதான் ஞாபகம் வருகிறது, பச்சை நிற டப்பா, அதில் ஒரு இலைப்படம், ‘பக்கவிளைவு இல்லை’ என்று ஒரு வரி. பழைய சீன நூல்களைத் திறந்து பார்த்தால் இயற்கை என்று அவர்கள் பேசுவது பெரும்பாலும் நேரத்தைப் பற்றி. எந்தப் பருவம், பகலா இரவா, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, நீ இருப்பது மலையா கடற்கரையா, இதெல்லாம் முதலில் வரும், மருந்து ரொம்பப் பின்னால்தான் வரும். நான் மருத்துவர் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் சீனம் கற்றுக்கொள்ளப் போய், அப்புறம் இந்த நூல்களைப் படிக்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை நூல் ‘ஹுவாங்டி நெய்ஜிங்’, மஞ்சள் பேரரசரின் உள்நூல் என்று சொல்லலாம். ஒரே ஆள் எழுதியதில்லை. ஹான் வம்ச காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுகளில் பலர் எழுதியது சேர்ந்து உருவானது. ‘சூவென்’, ‘லிங்ஷூ’ என்று இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 81 அத்தியாயம். சூவென் இன்று நம் கைக்குக் கிடைக்கிற வடிவம் தாங் வம்ச காலத்தில், 762ஆம் ஆண்டில், வாங் பிங் என்பவர் திருத்தித் தொகுத்ததன் வழியாக வந்தது. அரசர் கேட்பார், சி போ என்ற மருத்துவர் பதில் சொல்வார், இதுதான் நூலின் நடை.

முதல் அத்தியாயத்தில் அரசர் கேட்கிற கேள்வியே வேடிக்கையானது. அந்தக் காலத்து மனிதர்கள் நூறு வயதைத் தாண்டியும் தளராமல் இருந்தார்களாமே, இப்போதைய ஆட்கள் ஐம்பதிலேயே ஓய்ந்துபோகிறார்களே, காலம் கெட்டுவிட்டதா, இல்லை மனிதர்கள் கெட்டுவிட்டார்களா? சி போவின் பதில்: இப்போது தண்ணீர் குடிப்பது போல மது குடிக்கிறார்கள், கண்டபடி வாழ்வதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள், எழுவதற்கும் படுப்பதற்கும் ஒரு கணக்கு இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ புலம்பல் ஆரம்பித்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அதனால் ‘முன்னோர்கள் எல்லாரும் இயற்கையோடு வாழ்ந்தார்கள்’ என்று யாராவது ஆரம்பித்தால், எந்த முன்னோர்கள் என்று கேட்கலாம், அந்த முன்னோர்களே தங்கள் முன்னோர்களைக் காட்டித்தான் புலம்பியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது அத்தியாயம். நான்கு பருவத்துக்கும் எப்படித் தூங்க வேண்டும், எப்படி எழ வேண்டும், மனசை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஒரு மருந்துப் பெயர்கூட அதில் கிடையாது. வசந்தத்தில் தாமதமாகப் படு, சீக்கிரம் எழு, முற்றத்தில் நீளமாக நட, தலைமுடியை அவிழ்த்துவிடு, உடையைத் தளர்த்திக்கொள். கோடையிலும் அப்படியே, கூடவே வெயிலைச் சலித்துக்கொள்ளாதே, கோபப்படாதே. இலையுதிர் காலத்தில் சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழு, கோழி எழும்போது நீயும் எழு. குளிர்காலத்தில் சீக்கிரம் படு, தாமதமாக எழு, சூரிய வெளிச்சம் வரும்வரை காத்திரு. குளிர்காலத்து மனசுக்கு அவர்கள் சொல்கிற உவமையைப் பாருங்கள்: உள்ளுக்குள் ஒரு ரகசியம் வைத்திருப்பவனைப் போல, தேடியது ஏற்கெனவே கிடைத்துவிட்டவனைப் போல இரு. தண்ணீர் உறைந்து நிலம் வெடித்துக் கிடக்கிற மாதத்தில் எதையும் கிளறாதே, வியர்க்க விடாதே, உள்ளே இருக்கிற சூட்டைச் செலவழிக்காதே என்பதுதான் அதன் உள்விஷயம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை விட்டுவிட்டால் வெறும் அழகான வரிகளாகத்தான் தெரியும். ஒரு பருவத்தில் செய்கிற தப்புக்குத் தண்டனை அந்தப் பருவத்திலேயே வராது, அடுத்த பருவத்தில் வரும். குளிர்காலத்தில் சேமிக்காதவனுக்கு வசந்தத்தில் கைகால் தளரும், வசந்தத்தில் முளைக்க வேண்டியதற்குக் கொடுக்க அவனிடம் கையிருப்பு இருக்காது என்கிறது நூல். விவசாயியின் கணக்கு இது. நம் ஊரில் ஆடிப் பட்டத்தைத் தவறவிட்டவன் தையில் என்ன செய்வான் என்று கேட்பது போல. அதே அத்தியாயத்தின் கடைசியில்தான் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது: நோய் வந்தபிறகு மருந்து கொடுப்பது, தாகம் எடுத்தபிறகு கிணறு வெட்டுவதும் சண்டை தொடங்கியபிறகு ஆயுதம் வார்ப்பதும் மாதிரி, தாமதமாகிவிடவில்லையா?

இந்த நேரக்கணக்கு மருந்துப் பறிப்பிலும் இருக்கிறது. ‘மூன்றாம் மாதம் யின்சென், நான்காம் மாதம் ஹாவ், ஐந்தாம் ஆறாம் மாதம் விறகு’ என்று சீனாவில் ஒரு சொலவடை உண்டு. செடி ஒன்றுதான். இளந்தளிராகப் பறித்தால் மஞ்சள் காமாலைக்கு மருந்து, ஒரு மாதம் தள்ளினால் வெறும் களை, அப்புறம் அடுப்புக்குத்தான். மூலிகையை இயற்கை என்று அவர்கள் சொல்லவில்லை, எந்த மாதத்தில் அது மூலிகை என்பதைத்தான் இயற்கை என்று பார்த்தார்கள். இந்த மாதக் கணக்கும் வாய்க்கு வந்ததில்லை. சூரியன் வானில் 15 பாகை நகர்வதை ஒரு கட்டமாக வைத்து வருடத்தை 24 கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், ‘ஜியேச்சி’ என்று பெயர், 2016இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வசந்தத்தின் தொடக்கம் பிப்ரவரி 4 வாக்கில் வந்துவிடும். அன்று பெய்ஜிங்கில் குளிர் எலும்பைத் துளைக்கும், ஒரு இலை இருக்காது. ஆனாலும் வெளிச்சம் திரும்ப ஆரம்பித்துவிட்டது, அதனால் அவர்கள் கணக்கில் வசந்தம்.

சரி, இப்போது அந்த வாட்ஸ்அப் வட்டம். உடம்பில் ‘சி’ என்கிற உயிர்ச்சக்தி பன்னிரண்டு நாடிப்பாதைகள் வழியாக வரிசையாகச் சுற்றுகிறது என்பது லிங்ஷூவிலேயே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டையும் நாளின் பன்னிரண்டு ஹோரைகளோடு, அதாவது இரண்டிரண்டு மணி நேரத்தோடு, கெட்டியாகப் பொருத்தி நேரம் பார்த்து ஊசி குத்துகிற முறை பல நூற்றாண்டு கழித்து வளர்ந்தது. ‘ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தால் கல்லீரலில் கோளாறு’ என்பதெல்லாம் இந்தக் காலத்துச் சேர்க்கை. எனக்கு இதில் சிரிப்பு வருகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஹோரைகள் சூரியனை வைத்துக் கணக்கிட்டவை. இன்றைய சீனா முழுவதுக்கும் ஒரே நேரம், பெய்ஜிங் நேரம். மேற்கே உரும்ச்சியில் கடிகாரம் மதியம் 12 காட்டும்போது சூரியன் உச்சிக்கு வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அப்படியானால் அங்கே இருப்பவரின் கல்லீரல் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கும்? படத்தை அனுப்புகிறவர்கள் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்காக உடம்புக்குள் கடிகாரமே இல்லை என்று அர்த்தமில்லை. 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மூன்று பேருக்குப் போனது, உயிரணுவுக்குள் ஒரு நாள் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காக. இரவு ஷிப்ட் வேலையை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வைத்தது, 2019இல் மறுபடி பார்த்தபிறகும் அதே பிரிவுதான். ஆனால் ‘பார்த்தீர்களா, இதைத்தான் சி போ அன்றே சொன்னார்’ என்று குதிக்க வேண்டாம். அவருக்கு மரபணு தெரியாது. ராத்திரியில் விழித்திருப்பவர்கள் நாளடைவில் நொந்துபோவது தெரியும், அவ்வளவுதான். கவனித்தது சரி, காரணம் சொன்னது வேறு. இந்த மருத்துவத்தைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டே போனால் பாதிச் சண்டை இல்லாமல் போகும்.

நம் பக்கம் அக்குபங்சர் பரவியபோது நடந்த ஒரு குழப்பத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சீனர்களின் ‘வூ சிங்’ஐ நம் ஊரில் பலர் பஞ்சபூதம் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அது மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம்முடையது நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். மரத்துக்கு நம்மிடம் இடமில்லை, ஆகாயத்துக்கு அவர்களிடம் இடமில்லை, உலோகத்தைப் பிடித்துக் காற்று என்று ஒட்டுப்போட வேண்டியதாகிவிட்டது. ‘சிங்’ என்ற சொல்லுக்கு நடப்பது, போவது என்று பொருள். பொருளின் பெயரல்ல, போக்கின் பெயர். மரம் என்றால் முளைத்து மேலே வருகிற போக்கு, வசந்தம், கல்லீரல், புளிப்பு, காற்று. நீர் என்றால் இறங்கி அடங்குகிற போக்கு, குளிர்காலம், சிறுநீரகம், உப்பு. இதையும் காலம் என்று பார்த்தால்தான் புரிகிறது, பூதம் என்று பார்த்தால் புரியாது.

மருந்துப் பக்கம் வருவோம். அங்கே முக்கியமான ஆள் ஜாங் ஜோங்ஜிங். ஹான் வம்சம் உடைந்துகொண்டிருந்த நேரம். தன் நூலின் முன்னுரையில் அவர் எழுதுகிறார்: என் குலத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தோம், ஜியானான் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து, அதாவது 196இலிருந்து, பத்து வருடம்கூட ஆகவில்லை, மூன்றில் இரண்டு பங்கு பேர் செத்துப்போனார்கள், அதில் பத்துக்கு ஏழு பேர் காய்ச்சலில். ‘ஷாங்ஹான்’, குளிர் தாக்கிய நோய் என்று அவர் சொல்வது இந்தக் காய்ச்சல்களைத்தான். தத்துவம் பேச உட்கார்ந்தவர் இல்லை அவர், வீட்டில் பிணம் விழுந்த பிறகு பேனா எடுத்தவர். அதனால்தானோ என்னவோ அவர் எழுத்தில் அலங்காரமே இருக்காது.

அவருடைய முதல் மருந்து ‘குய்ஜி தாங்’. தலைவலி, லேசான காய்ச்சல், வியர்வை கசிகிறது, காற்று பட்டால் உடம்பு சிலிர்க்கிறது, இப்படிப்பட்டவருக்கு. ஐந்தே சரக்கு: இலவங்கமரத்தின் இளங்குச்சி, பியோனி என்ற பூச்செடியின் வேர், வறுத்த அதிமதுரம், பச்சை இஞ்சி, அப்புறம் பன்னிரண்டு சீன இலந்தை. ஏழு பங்கு தண்ணீரை சிறுதீயில் மூன்று பங்காகச் சுண்டவைத்து, வடிகட்டி, ஒரு பங்கைக் குடிக்க வேண்டும். இதுவரை நம் கஷாயம் மாதிரிதான். இனிமேல்தான் விஷயமே. குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிண்ணம் நீர்த்த கஞ்சியைச் சூடாக உறிஞ்சிக் குடி, மருந்துக்கு அது கைகொடுக்கும். ஒரு ஹோரை நேரம் போர்த்திக்கொள். உடம்பெல்லாம் லேசாக ஈரம் பூத்த மாதிரி வியர்த்தால் போதும், தண்ணீராக ஓடவிடாதே, ஓடினால் நோய் போகாது. ஒரு வேளையிலேயே குணம் தெரிந்தால் மிச்சத்தைக் குடிக்காதே. பச்சையாக எதுவும் வேண்டாம், குளிர்ந்தது, பிசுபிசுப்பானது, இறைச்சி, மாவுப் பலகாரம், மது, பால் எதுவும் வேண்டாம்.

கடைசி வரிக்கு நம் பாட்டிகள் ‘பத்தியம்’ என்று ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டார்கள். இந்தக் குறிப்பை முதன்முதலாகச் சீனத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது எனக்கு மருந்தைவிட அந்தக் கஞ்சிதான் மனசில் நின்றது. நாம் என்ன செய்கிறோம்? ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறக்கிறோம். மாத்திரை காய்ச்சலைக் குறைத்துவிடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சூடாகக் குடி, மூடிக்கொண்டு படு, வியர்வையைக் கவனி, சரியானதும் நிறுத்து என்கிற அந்த இரண்டு மணி நேரத்தை மாத்திரை கேட்பதில்லை. பழைய மருந்துச் சீட்டில் பாதி மருந்து என்றால், மீதிப் பாதி நோயாளிக்குப் படுக்க விடுப்புச் சீட்டு.

சிங்கப்பூரில் நான் குடியிருந்த பகுதியில் ஒரு பழைய மருந்துக்கடை இருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் சீட்டைப் பார்த்து, கண்ணை எடுக்காமலே சரியான இழுப்பறையைத் திறப்பார், கையில் தூக்கிப் பிடிக்கிற சின்னத் தராசில் நிறுப்பார், மேசையில் வரிசையாக விரித்த காகிதங்களில் பங்கு பங்காகக் கொட்டுவார். நிறுத்ததைப் பங்கு பிரிக்கும்போது தராசே தேவையில்லை, கை சொல்லிவிடும். குய்ஜி தாங்குக்கு இஞ்சி மட்டும் தரமாட்டார், ‘காய்ந்தது வேறு, பச்சை வேறு, மார்க்கெட்டில் வாங்கிப் போட்டுக்கொள்’ என்பார். அந்த ஊர்த் தமிழர்களும் துரியான் சாப்பிட்டால் ‘ஹீட்டி’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சீனர்களிடமிருந்து வந்ததா, நம் சூட்டு உடம்பு குளிர்ந்த உடம்புப் பேச்சே வேறு வேஷம் போட்டு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இரண்டும் கலந்துவிட்டன.

நோய்க்குக் காரணம் காற்று என்பதை என்ன செய்வது? பின்கழுத்திலும் மேல்முதுகிலும் இருக்கிற ஊசிப் புள்ளிகளுக்கு காற்றுக்குளம், காற்றுமாளிகை, காற்றுவாசல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், காற்று அங்கேதான் நுழையுமாம். ஏசி துவாரத்துக்கு நேர்கீழே உட்கார்ந்து கழுத்துப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயர்கள் நன்றாகப் புரியும். ஆனால் ஜலதோஷத்தைக் கொண்டுவருவது வைரஸ், காற்று அல்ல. இந்தக் கேள்வி அவர்களுக்குள்ளேயே எழுந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது. மிங் வம்சத்தின் கடைசியில் பெரிய கொள்ளைநோய் வந்தபோது வூ யூகே என்ற மருத்துவர் 1642இல் எழுதினார்: இது காற்றோ குளிரோ வெயிலோ பருவம் தப்பியதோ அல்ல, தனியாக ஒரு நச்சு இருக்கிறது, வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் நுழைகிறது. நுண்ணோக்கி இல்லாமல், படுக்கை படுக்கையாகப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்திருக்கிறார். ‘ஐயாயிரம் வருடமாக மாறாத ஞானம்’ என்று விற்பவர்கள் இவரைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், மாறியதற்கு இவரே சாட்சி என்பதால்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று கல்லூரியில் சொல்லித்தருகிற ‘பாரம்பரியச் சீன மருத்துவம்’ பழைய நூல்களின் நேர் வாரிசு இல்லை. 1929இல் சீன அரசே இந்த மருத்துவத்தை ஒழித்துக்கட்டப் பார்த்தது, மருத்துவர்கள் ஷாங்காயில் திரண்டு எதிர்த்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபிறகு 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நான்கு இடத்தில் கல்லூரி தொடங்கி, ஒன்றோடொன்று சண்டையிட்ட பழைய மருத்துவ மரபுகளை எல்லாம் வெட்டி ஒட்டி ஒரே பாடப்புத்தகமாக ஆக்கினார்கள். அதில் வானிலையும் பருவமும் சுருங்கி, நோய்ப் பெயரும் மருந்துப் பட்டியலும் பெருத்துவிட்டன. ‘கிளாசிக்கல் சீன மருத்துவம்’ என்று சிலர் தனியாகச் சொல்லிக்கொள்வது இந்தக் கோபத்தில்தான்.

சரி, வேலை செய்யுமா? சீன விஞ்ஞானி தூ யூயூவின் கதை எல்லாரும் சொல்வது, நானும் சொல்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. வியட்நாம் போர்க்காலத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடி 1967 மே 23 அன்று சீனாவில் ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது, அதனால் பெயரே 523. தூ யூயூ 1969இல் சேர்ந்தார். பழைய சீட்டுகளை நூற்றுக்கணக்கில் சலித்து, சிங்ஹாவ் என்ற செடியில் வந்து நின்றார்கள். நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடி அது. ஒருமுறை பலன் தெரிந்தது, அடுத்தமுறை தெரியவில்லை. மறுபடி நூலுக்குப் போனார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசரகாலக் கையேட்டில் ஒரு வரி: சிங்ஹாவ் ஒரு கைப்பிடி, இரண்டு பங்கு தண்ணீரில் ஊறவை, பிழிந்து சாறெடு, முழுவதையும் குடி. ஊறவை, பிழி. காய்ச்சு என்று இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தோன்ற, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிற ஈதரில் வடித்துப் பார்த்தார்கள். 1971 அக்டோபரில் 191ஆம் எண் மாதிரி எலிகளின் மலேரியாவை முழுசாக ஒழித்தது. மனிதர்களுக்குக் கொடுக்குமுன் 1972இல் தூ யூயூவும் சக ஊழியர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். 2015இல் நோபல்.

இதை வைத்து யின் யாங், அதாவது குளிர்ச்சி சூடு, இருள் ஒளி என்று எல்லாவற்றையும் எதிரெதிர் இணையாகப் பார்க்கிற அந்தச் சீனத் தத்துவம், நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது, யின் யாங்குக்கும் அந்த ஈதருக்கும் சம்பந்தமே இல்லை. அதே நேரம் கே ஹோங் எப்படிச் செய்ய வேண்டும் என்பதை ஒழுங்காக எழுதி வைக்காமல் ‘சிங்ஹாவ் காய்ச்சலுக்கு நல்லது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரியால் யாருக்கும் பிரயோஜனம் இருந்திருக்காது. பிழிவதா காய்ச்சுவதா, எந்த இலை, எந்தப் பருவம் (பூக்கிற சமயத்துக்கு முந்தைய இலையில்தான் சரக்கு அதிகம்), இவைதான் மருந்தைக் காப்பாற்றின.

அக்குபங்சர் பற்றிக் கேட்டால், ஜெர்மனியில் 1,162 பேரை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட முதுகுவலி ஆய்வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சரியான புள்ளியில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. வேண்டுமென்றே புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகப் போட்டவர்களில் 44.2. வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி சிகிச்சையில் 27.4. அக்குபங்சர்காரர்கள் முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் மட்டும் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் முதலிரண்டை மட்டும் சொல்வார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், படுக்க வைத்து, பேசி, தொட்டு, அரை மணி நேரம் அசையாமல் இருக்கச் சொன்னதே பெரிய வேலை செய்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நாடிப்பாதை வரைபடத்துக்கு அதில் பெரிய பங்கு இருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது கசப்பான பக்கம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஓர் எடைக்குறைப்பு மருத்துவமனையில் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் விஷயம் வெளியே வந்தது, கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். சேர்க்க வேண்டிய வேர் ‘ஃபாங்ஜி’, சேர்ந்தது ‘குவாங் ஃபாங்ஜி’. பெயரில் ஒரு அசை வித்தியாசம், செடியோ வேறு குடும்பம், அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்கிற நச்சு. பிற்பாடு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. மாஹுவாங் கதையும் அப்படித்தான். ஜாங் ஜோங்ஜிங் குளிர்க்காய்ச்சலுக்கும் இளைப்புக்கும் கொடுத்த செடி, 1885இல் ஜப்பானியர் நாகாய் அதிலிருந்து எஃபெட்ரினைப் பிரித்தார், அமெரிக்காவில் அதையே உடல் மெலிய தினமும் விழுங்க ஆரம்பித்து, மாரடைப்பும் பக்கவாதமும் வந்து, 2004இல் தடை போட்டார்கள். வியர்த்ததும் நிறுத்து என்று எழுதியிருந்த மருந்தை வருடம் முழுக்கச் சாப்பிட்டால் செடி என்ன செய்யும்?

இயற்கை மருத்துவம் இயற்கையையே தின்றுவிடுகிற கூத்தும் நடக்கிறது. எறும்புத்தின்னியின் செதில் நகம் மாதிரிதான், கெரட்டின். அதற்காக அந்த இனமே அழிகிற நிலைக்கு வந்தபிறகு, 2020இல்தான் சீன மருந்துக் குறிப்பேட்டின் சரக்குப் பட்டியலிலிருந்து அதை எடுத்தார்கள். கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கிற ‘அஜியாவ்’ பிசினுக்காக ஆப்பிரிக்கக் கிராமங்களில் கழுதைகள் திருடு போயின. தண்ணீர் சுமக்கவும் விறகு சுமக்கவும் கழுதையை நம்பியிருந்த பெண்கள் தலையில் சுமக்க வேண்டியதாகிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் அந்தத் தோல் வியாபாரத்துக்குத் தடை சொன்னது. சி போவிடம் இதைச் சொன்னால் முகத்தைச் சுளித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு எது ஆகும் என்பதற்கு வருகிறேன். அதற்கு சூவென்னின் பன்னிரண்டாவது அத்தியாயமே வழி காட்டுகிறது. ஒரே நோயை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு விதமாகக் குணப்படுத்துகிறார்களே ஏன் என்று கேட்கிறார் அரசர். நிலம் அப்படி என்கிறார் சி போ. கிழக்கே கடலோரம், மீனும் உப்பும் தின்கிறவர்கள், கட்டி வரும், கல் ஊசி அங்கிருந்து வந்தது. மேற்கே மணலும் கல்லும், மருந்துச் சரக்கு அங்கிருந்து. வடக்கே குளிர், பால் குடிக்கிறவர்கள், சூடு போடுகிற முறை அங்கிருந்து. தெற்கே ஈரம், புளிப்பு, அங்கிருந்து மெல்லிய ஊசி. நடுவில் சமவெளி, விதவிதமாகச் சாப்பிட்டு உடம்பு வளையாதவர்கள், அதனால் உடற்பயிற்சியும் பிடித்துவிடுதலும். ஆக, மஞ்சள் ஆற்றுக் கரையின் உறைபனிக் காலத்துக்கு எழுதியதைச் சென்னைக்கு அப்படியே தூக்கி வருவது அந்த நூலுக்கே விரோதம். வெயிலைச் சலித்துக்கொள்ளாதே என்று அக்னி நட்சத்திரத்தில் கட்டட வேலை பார்ப்பவரிடம் போய்ச் சொன்னால் அடிதான் விழும். நமக்குக் கார், கூதிர், முன்பனி என்று ஆறு பெரும்பொழுது இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் செரிமானம் மந்தமாவதும், சித்திரையில் தூக்கம் குறைவதும் நமக்குத் தெரியாததா?

சீனக் கஷாயம், மூலிகை மாத்திரை பக்கம் போகாதீர்கள். போவதானால் படித்த ஆளிடம் போங்கள், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். அதிமதுரம்கூட அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற பெரிய மருத்துவர் சொன்ன வரிசை இன்னும் நல்ல வரிசை: முதலில் சாப்பாட்டை மாற்றிப் பார், அதில் சரியாகவில்லை என்றால் மருந்துக்குப் போ.

ராத்திரி ஷிப்டை விடச் சொல்ல எனக்கு வாயில்லை, சம்பளம் யார் தருவார்? வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாற்றிப் போடுகிறார்கள் என்றால், முடிந்தவரை ஒரே ஷிப்டில் சேர்ந்தாற்போல இருக்கக் கேளுங்கள். உடம்புக்குக் கெடுதல் இரவு மட்டுமில்லை, எது இரவு என்று தெரியாமல் போவதும்தான். காலையில் வீட்டுக்கு வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள், வந்ததும் போனைப் பார்க்காமல், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு அறையை இருட்டாக்கிப் படுங்கள், எழுந்ததும் சாயங்கால வெயில் கொஞ்சமாவது முகத்தில் படட்டும். ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிற நாற்காலியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், மேலாளர் கேட்டால் காற்றுவாசல் கதையைச் சொல்ல வேண்டாம், கழுத்துவலி என்றால் போதும். அப்புறம் அந்த 3 மணிப் பசி. அந்த நேரத்துக்குப் பிரியாணியும் பரோட்டாவும் வரவழைக்காமல், வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோங்கள், கொஞ்சம் நீர்க்க, இரண்டு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, உப்பு அளவாக.